டெம்பரேச்சர் முள் ஏறி இறங்குகிறதா? எப்போது ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

"டெம்பரேச்சர் முள் ஆடுது" என்று மட்டும் சொல்லி வண்டியை மெக்கானிக் ஷெட்டில் விட்டால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது). சரியாகவில்லை என்றால் சென்சார். அப்புறம் ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டரே. எதை மாற்றியதால் சரியானது என்று மாற்றியவருக்கே தெரியாது.

முள் நகர்வதற்குக் காரணங்கள் ஏழெட்டு இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு காரணமும் முள்ளை நகர்த்தும் நேரம் வேறு. சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் ஒரு காரணம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் வேறு காரணம். ஹெட்லைட் போட்டதும் ஏறினால், இன்ஜின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வண்டி இந்த நிமிடமே சூடாகிக்கொண்டிருந்தால்

ஏசியை அணையுங்கள். ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்பி, புளோயரை அதிகபட்சத்தில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வரவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் இன்ஜினை ஓடவிட்டே ஓரிரு நிமிடம் பாருங்கள். பம்ப் ஓடினால்தான் சூடு சீராக இறங்கும். ஆவி வந்தாலோ, முள் சிவப்பைத் தொட்டாலோ, உடனே அணைத்துவிடுங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது மூடி தரும் அழுத்தத்தால்தான். திறந்த கணத்தில் அழுத்தம் போய், கூலண்ட் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகட்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், அப்போதுதான் திறக்கலாம். காய்ந்து கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) விரிசல் விடக்கூடும். நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். வழியில் வேறு எதுவும் கிடைக்காவிட்டால் குடிதண்ணீர் பாட்டில் போதும், வீடு சேர அது தாங்கும்.

ஸ்பானரைத் தொடும் முன்

இப்போதைய கார்களில் முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100ல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் பெரும்பாலான மீட்டர்களை அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் முள் அசைந்தால் வாங்கியவர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு வந்து நிற்பாரே! ஆகவே புது வண்டியில் முள் நடுவைவிட்டுக் கொஞ்சம் மேலே போனாலும் அதற்குள் சூடு நிறையவே ஏறியிருக்கும். பழைய வண்டிகளில் இந்த ஏற்பாடு கிடையாது. அவற்றில் ஃபேன் ஓடும்போது ஒரு கோடு இறங்கி, நின்றதும் ஒரு கோடு ஏறுவது சாதாரணம். அதைப் பழுது என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டாம்.

முள்ளை நம்புவதைவிட, வண்டியின் கணினியைப் படிக்கும் ஒரு ஓபிடி கருவி வாங்குவது மேல். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியில் பார்க்கும் அந்தச் சின்னப் பொருள், ஒரு தெர்மோஸ்டாட் மாற்றும் கூலியைவிடப் பெரிய செலவில்லை. முள்ளே இல்லாமல் நீலம், சிவப்பு விளக்கு மட்டும் உள்ள சின்னக் கார்களுக்கு இதுதான் ஒரே வழி. இன்ஜின் கணினி பார்க்கும் அதே டிகிரியை நீங்களும் எண்ணாகப் பார்க்கலாம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஓட்டத்தில் 85 முதல் 95 வரை இருக்கும். டிராஃபிக்கில் 100ஐ ஒட்டிப் போய், ஃபேன் ஓடியதும் இறங்கும். 105ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். 115ஐ நெருங்கினால் நிறுத்த வேண்டும்.

அடுத்து, காலையில் இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கூலண்ட் இருக்கிறது என்பதற்காக ரேடியேட்டருக்குள்ளும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூடியில் உள்ள சின்ன வால்வு கெட்டிருந்தால் டப்பாவில் உள்ளது உள்ளே திரும்பவே திரும்பாது. டப்பா நிறைந்து வழியும், ரேடியேட்டர் வாய் வரை காற்று இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஃபோர்டு போன்ற வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. அழுத்தம் தாங்கும் டப்பாவில்தான் மூடி. அங்கே டப்பாவின் அளவே உண்மையான அளவு.

நிறத்தையும் பாருங்கள். பச்சையோ, சிவப்போ, நீலமோ, தெளிவாக இருந்தால் போதும். துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்தால் யாரோ வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய் மிதந்தால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

சென்னை, கோவை டிராஃபிக்கில் அதிகம் வரும் புகார் இதுதான். வண்டி ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் நுழைகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஆகவே பத்தில் எட்டுப் பங்கு ஃபேன் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஏசி கம்ப்ரசர் ஓடும்போது ஃபேனும் ஓடும். ஓடவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். ஃபேன் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே மாதிரியாக இருக்கும் வண்டிகளில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே ரிலே விஷயம் தெரிந்துவிடும். ஃப்யூஸ் நன்றாகவே இருந்தாலும் அதன் கால்கள் உட்காரும் இடம் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் நிறைய கரண்ட் இழுக்கும் சாமான். முனை கொஞ்சம் தளர்ந்தாலும் சூடாகிக் கருகிவிடும்.

கரண்ட் மோட்டார் வரை வருகிறது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு குச்சியால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். உடனே சுற்ற ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்று சுற்றும், நாளை சுற்றாது. முள் ஒருநாள் ஆடி ஒருநாள் ஆடாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும். கையை உள்ளே விடும் வேலை இருந்தால் ஃபேன் கப்ளரை (வயர் இணைப்பை) முதலில் கழற்றிவிடுங்கள்.

ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறது, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். கூலண்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். சென்சார் காணவில்லை என்றதும் பெரும்பாலான வண்டிகளின் கணினி, பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். ஓடினால் ஃபேனும் ரிலேயும் வயரும் நல்ல நிலையில் இருக்கின்றன, கோளாறு சென்சாரில். செக் இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம், ஓபிடி கருவியால் அழித்துவிடலாம். கணினி இல்லாத பழைய வண்டிகளில் ஃபேனுக்கென்று தனி சுவிட்ச் இருக்கும். அதன் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும்.

இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேனில் இன்னொரு சூட்சுமம். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் ஃபேன் முதல் கட்டத்தில் ஓடாது. சூடு நன்றாக ஏறி இரண்டாம் கட்டம் வந்ததும் 'கர்ர்' என்று முழு வேகத்தில் கிளம்பும். முள் ஏறும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். ஃபேன் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு "ஃபேன் நல்லா இருக்கு சார்" என்று பலர் சொல்வது இந்த இடத்தில்தான்.

ஃபேன் நன்றாக ஓடியும் ஏறுகிறதா? முன் கிரில்லில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் காகிதம் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால், மோட்டார் மாற்றியவர் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. காகிதம் ஒட்டாமல் தொங்கினால் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே எட்டிப் பாருங்கள். தூசி, பஞ்சு, பூச்சி, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து ஒரு கம்பளியே நெய்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருப்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண குழாய்த் தண்ணீர் வேகத்தில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடை பிரஷர் கன்னை நேராகப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைந்துவிடும்.

பழைய சுமோ, இன்னோவா போன்ற வண்டிகளில் ஃபேன் பெல்ட்டில் ஓடும். நடுவில், சூடேறினால் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கிளச் இருக்கும். இன்ஜின் சூடான பிறகு அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடுப்பே இல்லாமல் பம்பரமாகச் சுற்றினால் கிளச்சில் உள்ள சிலிகான் எண்ணெய் ஒழுகிவிட்டது.

வேகத்தில் அல்லது மலை ஏறும்போது ஏறுகிறது

இங்கே ஃபேனைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு ஃபேன் தேவையே இல்லை. காற்று தாராளமாக வருகிறது, ஆனாலும் சூடு போகவில்லை என்றால், கூலண்ட் தேவையான அளவு ஓடவில்லை என்று அர்த்தம். எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்டுக்குள்தான் போகிறது. இன்ஜின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு ஓட்டம் வேண்டும்.

முதல் சந்தேகம் ரேடியேட்டர் உள் அடைப்பு. அதற்கு நம் ஊரில் முதல் காரணம் போர் தண்ணீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களிலும் இன்ஜின் பிளாக்கின் நீர்வழிகளிலும் படிகிறது. "இங்கே என்ன பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது அதன் மற்ற வேலைகள்: அலுமினியம் அரிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் 106, 107 டிகிரியில் கொதிக்கும். நல்ல மூடி போட்டு அழுத்தத்தில் வைத்தால் 125ஐத் தாண்டும். அடர் கூலண்ட் வாங்கினால் பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் பாட்டிலாக இருந்தால் அப்படியே ஊற்றலாம். அதில் மறுபடி தண்ணீர் சேர்த்து ஊற்றுவதும் நடக்கிறது. பழைய பச்சை வகையையும் புது வகையையும் கலக்காதீர்கள். கலந்தால் அரிப்பைத் தடுக்கும் சரக்கு சீக்கிரம் செத்துவிடும், சில நேரம் கசடும் தங்கும்.

ஒழுகலை அடைக்க மஞ்சள்தூள் போடும் பழைய லாரி வைத்தியத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் வண்டி ஊர் வந்து சேரும், அது உண்மை. ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே மஞ்சள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவங்களும் ஏறக்குறைய இதே ரகம். அப்படிப் போட்டு வந்தால் அந்த வாரமே முழுதாகக் கழுவிவிடுங்கள்.

அடைப்பைக் கண்டுபிடிக்க, இன்ஜின் நன்றாகச் சூடாகி ஃபேன் ஓடி நின்ற பிறகு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாகப் பிடியுங்கள். கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்து இருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால், ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, மறுபடி பற்றவைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த இன்றைய அலுமினிய ரேடியேட்டருக்கு அது சரிப்படாது. ஒருமுறை கெமிக்கல் விட்டுக் கழுவிப் பார்க்கலாம், அதற்கும் மசியாவிட்டால் புதுசுதான்.

அடுத்தது கீழ் ஹோஸ். பம்ப் இழுக்கும் பக்கம் அது. ஹோஸ் ஊறி மெலிந்துபோயிருந்தாலோ, உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தாலோ, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது உறிஞ்சிச் சப்பையாகிவிடும். நின்றுகொண்டிருக்கும்போது பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒருவர் 3000 ஆர்பிஎம் வரை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அதுவும் இல்லையென்றால் வாட்டர் பம்ப். கீழே கசிவுத் துளையிலிருந்து கூலண்ட் வழிந்த தடம், பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியை ஆட்டினால் ஆட்டம், இரண்டும் வெளியே தெரியும் அடையாளங்கள். தெரியாத ஒன்றும் உண்டு. உள்ளே சுழலும் இறக்கை பிளாஸ்டிக்காக இருக்கும் பம்புகளில் அது அச்சிலிருந்து நழுவும், அல்லது இறக்கைகள் தேய்ந்து போகும். அடர்த்தியான போர் தண்ணீரில் ஓடிய வண்டியில் இரும்பு இறக்கையே அரித்துக் கரைந்துபோவதும் உண்டு. டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்பாக இருந்தால், பெல்ட் மாற்றும் நாளிலேயே பம்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கூலி ஒன்றுதான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் சூடு ஏறி, மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும் வண்டி, எல்லைக்கோட்டில் நிற்கும் வண்டி. மலையில் வேகம் குறைவு என்பதால் காற்றும் குறைவு, இன்ஜின் உழைப்போ அதிகம். உயர்ந்த கியரில் முனகிக்கொண்டு ஏறாமல் ஒரு கியர் இறக்கி ஓட்டினால் பம்ப் வேகமாகச் சுற்றும். ஏசியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் ஏறினால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று.

ஓடும்போது முள் கீழே விழுகிறது, நின்றால் நடுவுக்கு வருகிறது

தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். முதல் காரணத்தைவிட இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம். ஓபிடியில் பி0128 (P0128) என்ற பழுதுக் குறியீடு வந்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது: இன்ஜின் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை.

"நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்ல சார், எடுத்துட்டா இன்ஜின் கூலா ஓடும்" என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பொய். வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். அது 90ஐ ஒட்டி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குறைந்த சூட்டில் ஓடினால் கணினி இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து எரிபொருளைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் விழும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். இன்னொன்றும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே இன்னொரு வாயை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் குறுக்கு வழியை, மூடுகிறது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு கூலண்ட் ரேடியேட்டரைப் பார்க்காமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளிராக ஓடும் என்று கழற்றிய வண்டி, மலையில் ஏறும்போது கொதிப்பது இதனால்தான்.

சோதிப்பது சுலபம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். தெர்மோஸ்டாட் கூலண்ட் வெளியேறும் பக்கம் இருக்கும் இன்ஜின்களுக்கு இது பொருந்தும். கிளப்பியதிலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் அது திறந்தே இருக்கிறது. கழற்றி எடுத்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் காய்ச்சிப் பாருங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்பது போல் எழுதியிருக்கும். அந்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். புதிதாகப் போடும்போது, காற்று போவதற்காக வைத்திருக்கும் சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வரும்படி வையுங்கள். தலைகீழாக வைத்தால் அடுத்த பகுதியில் சொல்லும் தொல்லை ஆரம்பித்துவிடும்.

மெல்ல ஏறி, திடீரென்று விழுந்து, மறுபடி ஏறுகிறது

கூலண்ட் மாற்றிய பிறகோ, ஹோஸ் மாற்றிய பிறகோ இது ஆரம்பித்திருந்தால் ஏர் லாக். காற்றுக் குமிழி ஒன்று இன்ஜினுக்குள் சிக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நகர்கிறது. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்கும். ஹீட்டரைப் போட்டால் ஒரு நிமிடம் சூடான காற்று, மறு நிமிடம் குளிர்ந்த காற்று வரும்.

எடுக்கும் முறை: வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பக்கம் உயர்ந்த ஒரு சரிவில் நிறுத்தி, ரேடியேட்டர் வாயே மிக உயரமான இடமாக ஆகும்படி செய்யுங்கள். ஹீட்டரைச் சிவப்புக்குத் திருப்புங்கள். காற்று போகும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் கூலண்ட் மட்டும் வரும்வரை திறந்து வைத்து மூடுங்கள். மூடியைத் திறந்தபடி, வாயில் ஒரு புனல் வைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அவ்வப்போது அமுக்கிவிடுங்கள். குமிழிகள் வரவர அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, ஃபேன் ஒருமுறை ஓடி நின்று, குமிழியும் நின்ற பிறகு மூடியைப் போடுங்கள். சூடான கூலண்ட் பொங்கி வரும் என்பதால் முகத்தை நேராக நீட்டாதீர்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு பார்த்தால் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள்.

வேலையே எதுவும் செய்யாமல் இந்த ஆட்டம் வந்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கிச் சிக்கித் திறக்கிறது. மற்றொன்று, கூலண்ட் எங்கோ குறைந்து காற்று உள்ளே போகிறது.

இங்கே ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முள் உயரமாக ஏறிவிட்டு, திடீரென்று குளிர் பக்கம் விழுந்தால், "அப்பாடா" என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கூலண்ட் முழுதாகப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டிருக்கும். காற்று அதற்குச் சூட்டைச் சரியாகக் கடத்தாது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, மீட்டர் குளிர் என்று காட்டும். ஹீட்டரிலிருந்து சூடான காற்று வருவது நின்றுபோனதும் இதற்கு இன்னொரு அடையாளம். இன்ஜினை உடனே அணையுங்கள்.

ஒரே நொடியில் குதிக்கிறது

பல லிட்டர் கூலண்டும் அத்தனை கிலோ உலோகமும் ஒரே நொடியில் 30 டிகிரி ஏறவோ இறங்கவோ முடியாது. முள் அப்படிக் குதித்தால் அது கரண்ட் விஷயம். நல்ல செய்திதான்.

ஹெட்லைட், ஃபேன், இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் முள் அசைந்தால் எர்த் கோளாறு. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்வில், மறு முனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். இன்ஜின் ஓட, லைட்டும் ஃபேனும் போட்டிருக்க, 0.1 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, எமரி தாளால் தேய்த்து, இறுக்கிப் போடுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிவது இந்த முனைகளில்தான்.

ஓபிடியில் எண் அசையாமல் இருக்க, முள் மட்டும் ஆடினால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். பழைய வண்டிகளில் முள்ளுக்கென்று ஒற்றை வயர் சென்சார் தனியாக இருக்கும். அது தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. கசிவு வராமல் இருக்க அதில் டெஃப்லான் டேப்பை ஏகமாகச் சுற்றியிருந்தால் எர்த் கிடைக்காமல் தத்தளிக்கும். புதிய வண்டிகளில் மீட்டர் போர்டையோ அதன் கப்ளரையோ பார்க்க வேண்டும்.

ஓபிடி எண்ணும் சேர்ந்து குதித்தால் சென்சார் அல்லது அதன் வயர். கப்ளரைக் கையால் மெதுவாக ஆட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். ஆட்டும்போது குதித்தால் அங்கேயே இருக்கிறது வியாதி. பி0119 (P0119) என்ற குறியீடும் இந்த விட்டுவிட்டு வரும் தொடர்பைத்தான் சொல்கிறது. வயர் கடைசிவரை போகும் வழியையும் பாருங்கள், எலி கடித்திருக்கலாம். மழைக்காலத்தில் நிறுத்திவைத்த கார்களில் எலிக்குப் பிடித்த இடம் சூடான இன்ஜின் மேல்பக்கம்தான். சென்சாரைக் கழற்றித் தனியாகவும் சோதிக்கலாம்: சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறைய வேண்டும். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டு மூன்று ஆயிரம் ஓம், 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவில் இருக்கும். எண்ணைவிட முக்கியம், இறக்கம் தாவாமல் சீராக இருக்கிறதா என்பது.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, முள்ளும் ஆடுகிறது

முதலில் மூடியை மாற்றுங்கள். பெரும்பாலான கார்களில் 0.9 அல்லது 1.1 பார் என்று மேலேயே போட்டிருக்கும். அதே அளவு வாங்குங்கள். ரப்பர் காய்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. கூலண்ட் சீக்கிரம் கொதித்து டப்பா வழியாக வெளியேறும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சிச் சப்பையாகக் கிடந்தாலும் மூடிதான்.

மூடி நல்லது என்றால் ஒழுகலைத் தேடுங்கள். சூடான இன்ஜினில் சின்ன ஒழுகல் சொட்டாது, அங்கேயே காய்ந்து நிறமான உப்புத் தடம் மட்டும் விடும். பிரஷர் பம்ப் வைத்திருக்கும் ஷெட்டில், குளிர்ந்த வண்டிக்கு மூடியில் எழுதியிருக்கும் அளவு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விடச் சொல்லுங்கள். அந்தப் பம்பின் அழுத்த முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. முன்சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு பிசுபிசுவென்று ஈரமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் காயில்.

வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை, சந்தேகப்பட வேண்டிய நேரம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்புங்கள். கூலண்ட் இன்னும் சூடாகாத முதல் இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம் கூலண்டுக்குள் நுழைகிறது. மூடி திறந்த ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருப்பதும் அதுதான். உறுதி செய்ய, நீல நிறத் திரவம் வைத்த பிளாக் டெஸ்டர் உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் செலவுக்கு முன்னால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பிஎஸ்4, பிஎஸ்6 டீசல் வண்டிகளில் இன்னொரு திருடன் இருக்கிறான்: ஈஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் கூலண்டால் குளிர்விக்கும் பாகம். அது உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு போய்விடும். வெள்ளைப் புகை, குறையும் கூலண்ட் என்று எல்லாம் ஹெட் கேஸ்கட் மாதிரியே இருக்கும். ஹெட்டைப் பிரித்த பிறகு "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லும் நிலை வராமல் இருக்க, முதலில் ஈஜிஆர் கூலரைத் தனியாக அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஹெட் கேஸ்கட்தான் என்று முடிவானால், கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் போடுவதில் பயனில்லை. ஹெட் கோணியிருக்கிறதா என்று நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும்; பல அலுமினிய ஹெட்களுக்கு 0.05 மில்லிமீட்டரே எல்லை. லேத்தில் ஃபேஸிங் போடும் முன் விரிசலுக்காகப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டை எவ்வளவு பளபளப்பாகச் சீவினாலும் முள் மறுபடி ஆடும். ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை போல்ட்டாக இருந்தால் போல்ட்டும் புதுசு போட வேண்டும். எல்லாம் பூட்டிய பிறகு ஏர் லாக் எடுத்து, முதல் ஒரு வாரம் தினமும் காலையில், குளிர்ந்த வண்டியில், டப்பாவில் பேனாவால் கோடு போட்டு அளவைப் பாருங்கள். முதல் ஓரிரு நாள் கொஞ்சம் இறங்கி, அப்புறம் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும்.